கூப்பிட்டால் வருவதற்கு ஒருவர்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். அவருக்கு 39 வயது, கணவருக்கு 42. பாண்டிச்சேரியில் மூன்று முறை ஐவிஎஃப் செய்தும் கைகூடவில்லை. "கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். எதிலும் பிடிப்பு இல்லை. ஒரு குழந்தையைத் தத்தெடுத்தால் சாமி மேல் நம்பிக்கையும் திரும்பிவிடும், வாழ ஒரு காரணமும் கிடைக்கும் என்று என் அக்கா சொல்கிறார். நீங்கள் தத்தெடுத்து வளர்ப்பவர். அப்படி நடக்குமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, எனக்கு அது நடந்தது. இருந்தாலும், உங்கள் அக்கா சொல்கிற காரணத்துக்காகத் தத்தெடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. 2002இல் கல்யாணம். அடுத்த பன்னிரண்டு வருடம் நீங்கள் நடந்த அதே வழியில்தான் நடந்தேன். மாத்திரை, ஊசி, ஸ்கேன், நடுவில் நாட்டு மருந்து. யாராவது ஒரு கோயில் பெயரைச் சொன்னால் அந்த வாரமே கிளம்பிவிடுவோம். விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறையை மனுவாக எழுதி, முருகனிடம் பிராது கட்டுவார்கள். நானும் கட்டினேன். "என் வயிற்றில் ஒரு பிள்ளை தர வேண்டும்" என்று என் கையாலேயே எழுதினேன். வேண்டியது நடந்தால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எனக்கு வாபஸ் வாங்குகிற நாள் வரவேயில்லை. 2014 வாக்கில் விளக்கு ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன். கோபம்கூட இல்லை. இத்தனை வருடம் கூப்பிட்டும் யாரும் வரவில்லை, இனி எதற்குக் கூப்பிடுவது என்ற ஒரு மரத்துப்போன நிலை. உங்கள் கடிதத்தில் அதைத்தான் பார்த்தேன்.

தத்து என்ற எண்ணம் அதற்கு முன்பே ஒருமுறை வந்துபோனது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுங்கள் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். நானும் கேட்டேன். அரசு அவசரப்பட்டு யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார்கள்; யாரும் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்குக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் காப்பகம் திறந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அம்மா போன பத்தாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது அதன் பாட்டியும் அதே தெருவும்தான். தத்து வேண்டியிருந்தது எனக்கு மட்டும்தான்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க இன்னும் பதினொரு வருடம் ஆனது. 2015இல் பதிவு செய்தோம். அந்த வருடம் நவம்பர், டிசம்பரில் கடலூரை வெள்ளம் புரட்டிப் போட்டது. தண்ணீர் நின்ற கோடு எங்கள் ஹால் சுவரில் இன்னும் அழியாமல் இருந்தபோது, வீட்டு ஆய்வுக்காக ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். வருமானம், உடல்நிலை, யார் யார் வீட்டில் இருக்கிறோம் என்று எல்லாம் கேட்டுவிட்டு, "எதற்காகக் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். "எங்களுக்குன்னு யாரும் இல்லம்மா" என்று அழுதுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அது புரியுதுக்கா. வரப்போற குழந்தைக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோதுதான் சொன்னேன்: நேரம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, ராத்திரியில் விழித்துக்கொள்ள ஆள் இருக்கிறோம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்வியை நீங்களும் உங்கள் கணவரும் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தத்துக்கு வருகிற குழந்தை ஏற்கெனவே ஒரு பெரிய இழப்பைத் தாண்டித்தான் வருகிறது. அதன் தலையில் உங்கள் துக்கத்தை ஆற்றுகிற வேலையையும் வைத்தால் அது தாங்காது. ஐவிஎஃப் தோற்ற வலியை முதலில் அழுது தீர்த்துவிடுங்கள். வராமல் போன அந்தப் பிள்ளைக்காக அழுவதில் தப்பே இல்லை. சிகிச்சையை நிறுத்துகிறோம் என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். சிகிச்சையும் ஓடட்டும், இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று பதிவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் மனசு வேறொரு குழந்தைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

சரி, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2016 நவம்பரில் அவள் வந்தாள். பதினான்கு மாதம். தொட்டில் குழந்தையாக, அதாவது வளர்க்க முடியாதவர்கள் அரசு வைத்திருக்கிற தொட்டிலில் விட்டுப் போகிற குழந்தையாக, வந்து காப்பகத்தில் வளர்ந்தவள். தொட்டில் குழந்தை திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் குறைந்திருப்பது தெரிந்ததும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் வந்தது. அவள் எந்த ஊர் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அது அவளுடைய விஷயம்.

முதல் மாதம் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு சமத்து, அழவே மாட்டேங்குதே" என்றார்கள். உண்மைதான், அவள் அழவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்து பார்த்தால், தொட்டிலுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் படுத்திருப்பாள். பசித்தாலும் அப்படித்தான், நனைத்துக்கொண்டாலும் அப்படித்தான். எனக்கு அது சமத்து என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்த அந்தச் சமூகப் பணியாளர்தான் விளக்கினார். நிறையப் பிள்ளைகளும் கொஞ்சம் ஆட்களும் இருக்கிற இடத்தில், அழுதாலும் உடனே யாரும் வர முடியாது. அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள்தான், கைதான் போதாது. அப்படிப் பல தடவை அழுது பார்த்த பிள்ளை ஒரு கட்டத்தில் அழுவதை விட்டுவிடும். "அவ கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நில்லுங்கக்கா. கொஞ்ச நாள்ல தெரிஞ்சுக்குவா" என்றார்.

அன்று இரவு என்னால் தூங்க முடியவில்லை. கூப்பிட்டு யாரும் வராததால் கூப்பிடுவதையே நிறுத்திய இரண்டு பேர் ஒரே அறையில் படுத்திருந்தோம்.

அதற்குப் பிறகு ராத்திரிக்கு மூன்று முறை அலாரம் வைத்தேன். அவள் விழித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்த் தொட்டுவிட்டு வருவேன். "அம்மா இருக்கேன்" என்று சொல்வேன். என் கணவர் ஒரு முறை, நான் இரண்டு முறை. நாற்பது நாள் ஆனது. ஒரு விடியற்காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். அவள் கத்தி அழுதுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, தொட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, கோபமான அழுகை. தூக்கியதும் என் நைட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் ஒருவர் வருவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பால் காய்ச்சும்போது, இரண்டு வருடமாக ஏற்றாத விளக்கை ஏற்றினேன். வேண்டுதல் எதுவும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

என் நம்பிக்கை திரும்பியது அன்றைக்குத்தான். அது பழைய நம்பிக்கை இல்லை. முன்பெல்லாம் கேட்டதைக் கொடுக்கிறவர் என்று நம்பினேன். இப்போது, யாரோ ஒருவர் கூப்பிடுகிற இடத்துக்கு நம்மை எழுப்பி அனுப்புகிற ஒன்று இருக்கிறது என்று நம்புகிறேன்.

நம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரருக்குத் தோன்றாத்துணை நாதர் என்று இன்னொரு பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருக்கிற துணை. சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர்தான், அந்த அதிகாலைக்குப் பிறகுதான் எனக்கு அர்த்தமானது. அப்பர் கல்லோடு கரையேறிய ஊர் இது. இங்கே அவர் இறைவனைப் பெற்ற தாயாகவும் தந்தையாகவும் உடன்பிறப்பாகவும் வைத்துப் பாடினார். அவர் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்தவர். அப்பா புகழனாரும் அம்மா மாதினியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா திலகவதியாருக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணும் உயிரை விடத் துணிந்தபோது, "நீயும் போனால் நான் யாரிடம் இருப்பேன்" என்று தம்பி காலில் விழுந்தான். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார் அவர். பெறாத தாயாக வளர்த்தார். தம்பி மதம் மாறிப் போனபோதும் திருவதிகையில் வாசல் பெருக்கி, மெழுகி, அவனுக்காகக் காத்திருந்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. திலகவதியாருக்கு அந்தத் தம்பி யாரும் கொடுத்த பரிசு இல்லை. இருவரும் எல்லாம் இழந்தவர்கள். இழந்த இடத்தில் ஒருவருக்கொருவர் இருந்தார்கள். வாழ ஒரு காரணத்தை அவர் எங்கும் தேடிப் போகவில்லை. எதிரில் நின்ற பிள்ளைக்குச் சோறு போட வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் தத்தெடுத்ததும் நல்லெண்ணத்தோடு நூறு பேர் சொல்வார்கள்: "கடவுள் உனக்காகவே இந்தக் குழந்தையை அனுப்பியிருக்கார்." தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள், குழந்தையிடம் சொல்லியும் வளர்க்காதீர்கள். எனக்கு ஒரு குழந்தை கிடைக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு பெண் பத்து மாதம் சுமந்து பெற்று, பால் கட்டிய மார்போடு வெறுங்கையாகத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு கடவுள் திட்டம் போட்டிருந்தால், அந்தக் கடவுள் எனக்கு வேண்டாம். அவள் விட்டுப் போனதற்கு வறுமை இருந்திருக்கும், பயம் இருந்திருக்கும், ஊர் வாய் இருந்திருக்கும். அது அநியாயம். அநியாயத்தை அருளென்று சொல்லக் கூடாது.

என் மாமியார் இரண்டு வருடம் விடாமல் சொன்னார்: "பிள்ளை வந்தாச்சு, கொளஞ்சியப்பருக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கு." நான் போகவில்லை. நான் எழுதிக் கட்டியது என் வயிற்றுப் பிள்ளைக்கு. அது நடக்கவில்லை. இவளை அந்த மனுவுக்குப் பதிலாகக் கணக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் வருடம் நானே போனேன். சன்னதியில் நின்று மனசுக்குள் சொன்னேன்: நான் கேட்டதை நீ தரவில்லை, அதைப் பற்றி இனி வழக்கு இல்லை. வாபஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே அவள் தன் அப்பா தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் தயங்கிக்கொண்டே இருந்தாலும் காலம் போய்விடும். தத்துக்கு காராவின் (CARA, தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) இணையதளம் வழியாகத்தான் பதிவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் உதவுவார்கள். கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 90 வரை என்றால் இரண்டிலிருந்து நான்கு வயது, 100 வரை என்றால் நான்கிலிருந்து எட்டு, அதற்கு மேல் 110 வரை பெரிய பிள்ளைகள். உங்கள் கூட்டுத்தொகை 81. ஆக, யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, நிறைய இல்லை. வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருடம் செல்லும். கைக்குழந்தை வேண்டுமென்றால் காத்திருப்பு இப்போதெல்லாம் மூன்று வருடத்தைத் தாண்டுகிறது. எங்களுக்கு அந்தக் காலத்தில் ஒன்றரை வருடத்தில் முடிந்தது. உங்கள் முறை வந்ததும் குழந்தையின் விவரம் வரும், 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம் நேரில் பார்த்து, குழந்தை உங்களிடம் வந்து, தத்து ஆணை கிடைக்கும். முன்பு அது நீதிமன்றத்தில். 2022 செப்டம்பர் முதல் கலெக்டரே ஆணை தருகிறார். பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அவர்களைச் சோதனைக்கு வருகிறவர்களாக நினைக்காதீர்கள். என் பிள்ளை ஏன் அழவில்லை என்பதை எனக்குச் சொன்னது அப்படி வந்த ஒருவர்தான்.

இந்தத் தத்து முறைக்கு அடிப்படையான சிறார் நீதிச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் இதன்படி தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. பாண்டிச்சேரியில் குடியிருப்பவர்கள் அந்த யூனியன் பிரதேசத்து அலுவலகங்களை அணுக வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று வருடம் காத்திருக்கும்போது யாராவது ஒருவர், "தெரிந்த நர்ஸ் இருக்கிறார், பிறந்த குழந்தையை நேராக வாங்கித் தருகிறேன், சர்டிபிகேட்டில் உங்கள் பெயரையே போட்டுவிடலாம்" என்று வருவார். எங்களிடமும் வந்தார்கள். அது குழந்தை விற்பனை. ஐந்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. தண்டனையை விடுங்கள், முறைப்படி ஒப்படைக்கிற தாய்க்குச் சட்டம் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறது. அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தரகரிடம் வாங்குகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தையும் அவளிடமிருந்து பறிக்கிறார்கள். அதன் மேல் கட்டுகிற வீட்டில் எந்த விளக்கும் எரியாது.

அப்புறம், மறைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் இருபது வருடம் மறைத்து வைத்தது. கல்யாணப் பேச்சின்போது யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் அந்தப் பையனிடம் உடைத்துவிட்டார். தத்து என்பது அவனை அவ்வளவு உடைக்கவில்லை, ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனதுதான் உடைத்தது. எங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டு வயது ஆகும்போதே அவள் வந்த நாளைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். எந்த பஸ், அவள் என்ன சட்டை போட்டிருந்தாள், அப்பா வழியெல்லாம் எப்படி வியர்த்துப் போனார் என்பதெல்லாம் அதில் வரும். பதினெட்டு வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேட அவளுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. தேட வேண்டும் என்றால் நானும் கூடப் போவேன் என்று சொல்லியிருக்கிறேன். பயம் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

கஷ்டமும் இருக்கிறது. "ஜாதகம் இல்லாத பிள்ளை" என்று சொன்னவர்கள் உண்டு. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்பார்கள். அவளுடைய பிறந்த தேதியே டாக்டர் பார்த்து மதிப்பிட்டுப் போட்டது. முதலில் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது, "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்ன அன்று வந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "என்னை ஏன் அவங்க வச்சுக்கல?" என்று ஏழு வயதில் கேட்டாள். தெரியாது என்றுதான் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, பெற்ற தாய்க்கும் வளர்த்த தாய்க்கும் வரக்கூடிய வேலைகளிலேயே கடினமான வேலை என்று நினைக்கிறேன். இதற்கெல்லாம் மனம் இல்லை என்றால் தத்தெடுக்காமல் இருப்பதும் நேர்மையான முடிவுதான், சகோதரி. பிள்ளைகளுக்காக வாழ வேறு வழியும் இருக்கிறது. காப்பகப் பிள்ளை ஒன்றின் படிப்பை ஏற்றுக்கொள்ளலாம், வளர்ப்புப் பராமரிப்பில் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளலாம்.

போன தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தோம். 1867இல் வள்ளலார் பற்றவைத்த அடுப்பு தருமசாலையில் இன்னும் அணையாமல் எரிகிறது. யார் போனாலும் சோறு உண்டு. பந்தியில் அவள் எனக்கும் ஒரு வயதான அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி சாப்பாட்டில் நிறுத்திவிட்டு, "அம்மா, என்னைப் பெத்தவங்களும் இங்க வந்து சாப்பிட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். வந்திருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பந்தியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாம இங்க அரிசி வாங்கிக் குடுக்கலாமா?" என்றாள். அன்றிலிருந்து மாதம் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மூட்டையை வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு முனையை அவள்தான் பிடித்துக்கொள்வாள்.